ஃப்ளோர் ஸ்பிரிங் மாற்றியும் கண்ணாடிக் கதவு உரசுவது ஏன்?

கேள்வி: பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். வயது 27. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு ஆறு வருடமாகக் கும்பகோணத்தில் ரோலிங் ஷட்டர் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாகக் கண்ணாடிக் கதவு வேலையும் எடுக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், 3 அடிக்கு 7 அடி, 12 மில்லிமீட்டர் டஃபன்ட் (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடிக் கதவுக்கு ஃப்ளோர் ஸ்பிரிங்கை, அதாவது கதவைத் தானாக மூடத் தரைக்குள் புதைக்கிற எண்ணெய் மெஷினை, புதிதாக மாற்றினேன். எட்டு மாதத்தில் எண்ணெய் கசிகிறது, கைப்பிடிப் பக்க மூலை தரையில் உரசுகிறது. காற்றடித்தால் கதவு முழுதாகச் சாத்துவதும் இல்லை. “டூப்ளிகேட் மெஷின் போட்டுவிட்டாய், சும்மா மாற்றிக் கொடு” என்கிறார் முதலாளி. தப்பு என்னுடையதா, மெஷினுடையதா? மன்னார்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆட்டோமேட்டிக் ஸ்லைடிங் கதவுகளைப் பராமரிக்கவும் கூப்பிடுகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: தம்பி, புது மெஷினுக்குப் பணம் போடுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். மெஷினை மட்டும் மாற்றினால் அடுத்த வருடம் இதே நேரம் அதுவும் கசியும். கசிவு மட்டும் என்றால் மெஷினைச் சந்தேகிக்கலாம். உரசல் மட்டும் என்றால் பேட்ச் ஃபிட்டிங்கை, அதாவது கண்ணாடியின் மூலையைக் கவ்விப் பிடிக்கிற உலோகப் பிடியை, சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்து வந்திருப்பதால் கதவு நிற்கிற இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: தரை, தரைக்குள் புதைத்த பெட்டி, மேலே உத்தரத்தில் இருக்கிற பிவட் (கதவின் தலை சுழல்கிற முளை).

கடை திறப்பதற்கு முன் துணைக்கு ஒரு ஆளோடு போங்கள். அலன் கீயைக் கையில் எடுக்காமல் முதலில் அளவெடுங்கள். கதவைச் சாத்திவைத்து, நான்கு பக்க இடைவெளியையும் மூலைக்கு மூலை அளந்து தாளில் குறியுங்கள். பக்கங்களில் 3 மில்லி, மேலே 3 முதல் 4, கீழே 8 முதல் 10 மில்லி என்பது வழக்கமாக வைக்கிற இடைவெளி. கைப்பிடிப் பக்கம் மேலே விரிந்து, கீழே குறைந்திருந்தால் கதவு தொங்கியிருக்கிறது. கீழே இரண்டு மூலையிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது தொங்கல் இல்லை. அப்போது மேல் இடைவெளியைப் பாருங்கள்: அது மாறவில்லை என்றால் தரை எழும்பியிருக்கிறது, அதுவும் கூடியிருந்தால் பெட்டியே இறங்கியிருக்கிறது.

அடுத்தது தூக்கிப் பார்ப்பது. கதவைப் பாதி திறந்து, துணை ஆளைக் கைப்பிடியைப் பிடித்து மெல்ல மேலே தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் குனிந்து கீழ் பேட்சின் மேலேயே கண் வைத்திருங்கள். பேட்ச் அசையாமல் கண்ணாடி மட்டும் அதற்குள் அசைந்தால், கிளாம்ப் பிடிப்பு போய்விட்டது. பேட்ச் அசைந்து ஸ்பிண்டில் (மெஷினிலிருந்து மேலே நீட்டிக் கதவைத் தாங்கிச் சுழல்கிற தண்டு) அசையாவிட்டால், ஸ்பிண்டில் உட்காருகிற துளை தேய்ந்திருக்கிறது. ஸ்பிண்டிலே ஆடினால் பேரிங் போய்விட்டது. அதுதான் உண்மையான மெஷின் கோளாறு. மேல் தகட்டையும் சேர்த்துக்கொண்டு பெட்டி ஆடினால், கொத்தனார் பெட்டியைச் சுற்றிக் கலவையை முழுசாக நிரப்பவில்லை. கிரானைட்டுக்கு அடியில் பொக்கையாக இருக்கிறது. பெட்டியின் ஓரத்தைச் சுற்றிச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

கிளாம்ப் வழுக்கல் என்றால் கதவைக் கழற்றி, கண்ணாடியிலும் பேட்சின் உள்முகத்திலும் உள்ள பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, புது கேஸ்கட் (கண்ணாடிக்கும் பேட்சுக்கும் நடுவே வைக்கிற மெத்தைத் தாள்) வைத்து, திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பழைய கேஸ்கட்டைத் திருப்பிப் போடாதீர்கள். ஒரு திருகை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பேட்ச் ஒருபக்கம் சாய்ந்து கண்ணாடியைக் கடிக்கும். சில மாதத்தில் மறுபடி வழுக்கும்.

இனி தூக்குக்குண்டு. இந்த வேலையில் ரொம்பப் பேர் தாண்டிப் போகிற இடம் இதுதான். மேல் பிவட்டின் நடுவிலிருந்து நூல் விட்டால், குண்டின் முனை ஸ்பிண்டிலின் நடுவில் விழ வேண்டும். 1 மில்லிக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் கதவின் எடை ஸ்பிண்டிலை நேராக அழுத்தாமல் பக்கவாட்டில் இழுக்கும். ஸ்பிண்டிலைச் சுற்றி இருக்கிற ஆயில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற வளையம்) ஒரே பக்கம் தேயும். எண்ணெய் கசிய ஆரம்பிப்பது அந்தப் பக்கத்தில்தான். புது மெஷினைப் பழைய பெட்டியிலேயே அப்படியே இறக்கிவிட்டு வந்திருந்தால், பழைய மெஷினைக் கொன்ற சாய்வு புதுசையும் கொன்றிருக்கும்.

முதலில் மாட்டியவர் சரியாகத்தானே மாட்டியிருப்பார், எப்படி விலகும் என்று கேட்கலாம். நம் பக்கத்து மண்ணை நினைத்துப் பாருங்கள். டெல்டாவில் பெரும்பாலும் களிமண். கோடையில் வெடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் நீர் குடித்து உப்பும். கடைகளில் மேல் பிவட் உத்தரத்தில் இருக்கிறது, உத்தரம் தூணில் நிற்கிறது, தூண் அஸ்திவாரத்தில் நிற்கிறது. ஃப்ளோர் ஸ்பிரிங் பெட்டியோ வாசல் தளத்தில் இருக்கிறது. அந்தத் தளம் பல கடைகளில் மண் நிரப்பி மேலே கான்கிரீட் போட்டது. தலை ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் நிற்கிற கதவு அது. தளம் சில மில்லி அசைந்தாலே தூக்கு (மேல் பிவட்டும் ஸ்பிண்டிலும் ஒரே நேர்கோட்டில் இருப்பது) மாறிவிடும். அதனால் சித்திரையில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை அளந்து பார்க்காமல் “தளம் நிலையாக இருக்கிறது” என்று எழுதிக் கொடுக்காதீர்கள். சின்ன விலகலுக்குப் பெட்டியை உடைக்க வேண்டாம். நல்ல மெஷின்களில் பெட்டிக்குள்ளேயே மெஷினை முன்பின், இடவலம், உயரம் என்று சில மில்லி நகர்த்தத் திருகுகள் இருக்கும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் கதையில் முக்கியக் குற்றவாளி அதுதான் என்பது என் சந்தேகம். மேல் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். நம்மூர்க் கடைகளில் தினம் காலையில் வாளித் தண்ணீரை ஊற்றி வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை பூஜை, பூசணிக்காய் உடைப்பு என்றால் கழுவல் இன்னொரு தடவை. அந்தத் தண்ணீர் தகட்டின் ஓரமாக இறங்கிப் பெட்டியில் தேங்கும். அது போக வழியில்லை. ஸ்பிண்டிலில் துருப்புள்ளி விழும். மேடு பள்ளமான அந்த ஸ்பிண்டில் ஒவ்வொரு தடவை சுழலும்போதும் சீலை அரத்தைப்போல ராவும். தண்ணீரோடு வருகிற மணலும் கோலமாவும் மீதி வேலையைச் செய்யும். டைல்ஸ் ஒட்டியபின் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவிய வாசல் என்றால் கேட்கவே வேண்டாம். துருப்பிடிக்காது என்று சொல்லி விற்ற மேல் தகடே புள்ளி புள்ளியாகச் செம்பழுப்பாகிவிடும்.

பெட்டிக்குள் இன்னொன்றையும் பாருங்கள்: சிமென்ட் பால். தரை வேலை நடக்கும்போது இடுக்கு நிரப்ப ஊற்றிய வெள்ளை சிமென்ட் பெட்டிக்குள் ஓடி, மெஷினைச் சுற்றி இறுகியிருக்கும். சில கொத்தனார்கள் ‘ஆடாமல் இருக்கட்டும்’ என்று வேண்டுமென்றே நிரப்புவதும் உண்டு. அப்படி இருந்தால் எந்தத் திருகும் வேலை செய்யாது, மெஷினை வெளியே எடுக்கவும் முடியாது. உளியால் மெதுவாகக் கொத்தி எடுப்பதைத் தவிர வழியில்லை.

தண்ணீருக்குச் செய்ய வேண்டியது: பெட்டியை ஸ்பாஞ்சால் ஒற்றி, ஹாட் ஏர் கன்னால் காய வையுங்கள். மெஷினைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து, தூக்கு, இடைவெளி, வேகம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, மெஷினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை ஃப்ளோர் ஸ்பிரிங்குக்கென்று விற்கிற நீர்த்தடைக் கலவையால் நிரப்புங்கள். அது பிறகு பெயர்த்தெடுக்கக் கூடியது, சிமென்ட் அப்படியில்லை. கதவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்ட் வால்வுகளின் தலையும் திருகுகளும் மூடிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகட்டின் ஓரத்தில் மெல்லிய சிலிக்கான் கோடு. பிறகு கடையில் வாசல் தெளிக்கிற அம்மாவிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள்: கதவுக்கு வெளியே ஒரு முழம் தள்ளித் தெளிக்கட்டும், தகட்டின் மேல் ஈரத்துணி மட்டும் போடட்டும். முதலாளியிடம் சொன்னால் அது அவர் காதோடு நின்றுவிடும்.

தெளிப்பதை நிறுத்த முடியாது என்கிற வாசல்களுக்குத் தரையைத் தோண்டாத வகை இருக்கிறது; கீழ் பேட்சுக்குள்ளேயே ஹைட்ராலிக் வைத்தது. விலை கூடுதல், எடை வரம்பும் பார்க்க வேண்டும். ஆனால் குழி இல்லாததால் தண்ணீர் தேங்க இடமில்லை. ஆற்றங்கரைத் தெருக்களுக்கும் மழைக்குத் தண்ணீர் ஏறுகிற கடைவீதிகளுக்கும் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி பக்கம் வேலை வந்தால் ஃபிட்டிங்கும் கைப்பிடியும் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். 304 உப்புக்காற்றில் கறை பிடிக்கும், 202-ஐத் தொடவே வேண்டாம்.

அடுத்து, மெஷினின் அளவு. 12 மில்லி கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ. உங்கள் கதவு 1.95 சதுர மீட்டர், அதாவது கண்ணாடி மட்டுமே 58 கிலோ சொச்சம். பேட்ச், பூட்டு, கைப்பிடி சேர்த்தால் 60-ஐத் தாண்டிவிடும். ஐரோப்பியத் தரமான இஎன் 1154-ன்படி 3-ஆம் எண் மெஷின் 950 மில்லி அகலம், 60 கிலோ வரைக்கும்தான். 4-ஆம் எண் 1100 மில்லி, 80 கிலோ வரை. ஆகவே இந்த வாசலுக்கு 4-க்குக் குறைந்து போடக் கூடாது. நம் ஹார்டுவேர் கடைகளில் டப்பாமேல் கிலோவை மட்டும் பார்த்து வாங்குகிறோம். அகலத்தையும் பார்க்க வேண்டும். அகலம் கூடக் கூட ஸ்பிரிங்குக்குப் பாடு அதிகம்.

காற்று விஷயத்தில் முதலாளிக்கு ஒரு கணக்கைக் காட்டுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 60 நியூட்டன் அழுத்தம். பிவட் ஓரத்திலிருந்து 65 மில்லி உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் கதவைத் திறக்கப் பார்க்கிற முறுக்குவிசை 45 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். 4-ஆம் எண் மெஷின் கதவு மூடுகிற இடத்தில் கொடுப்பது 26-லிருந்து 37 வரை. ஆடிக்காற்றில் அம்மியே நகரும் என்கிற ஊரில் இந்தக் கதவு நகர்வதில் அதிசயம் இல்லை. அதற்காக 6-ஆம் எண் மெஷின் போட்டால் வயதானவர்களும் குழந்தைகளும் கதவைத் தள்ள முடியாமல் நிற்பார்கள். பின்வாசலும் மாடிப்படி வழியும் திறந்திருந்தால் காற்று கடையை ஊடுருவி ஓடும்; அவற்றை அடைத்தாலே முன்கதவின்மேல் விழும் அழுத்தம் குறையும். அதுவும் போதாவிட்டால் வாசலுக்கு முன் பக்கவாட்டில் ஒரு நிலைக் கண்ணாடித் தடுப்பு.

கதவு சாத்தவில்லை என்றதும் வால்வைத் திறந்துவிடுவது பெரிய தப்பு. வால்வு வேகத்தைத்தான் மாற்றும், பலத்தைக் கூட்டாது. காற்றில்லாத நேரத்தில் கதவு படாரென்று அடிக்கும், அவ்வளவுதான். ஒரு வால்வு திறந்த நிலையிலிருந்து ஏறக்குறைய 20 டிகிரி வரைக்கும், இன்னொன்று கடைசி 20 டிகிரிக்கும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பியபின் இரண்டு மூன்று முறை திறந்து விட்டுப் பாருங்கள். முழுசாகத் திருகி வெளியே எடுத்தால் எண்ணெய் வால்வு வழியாகவே வந்துவிடும், மெஷின் அத்தோடு முடிந்தது.

கரண்ட் போய் ஏ.சி. நின்றால் கதவைத் திறந்துவைக்க ஸ்டூலையோ செங்கல்லையோ முட்டுக் கொடுக்கிறார்களா என்று ஒரு கண் பாருங்கள். வெளி மூலைக்கு அடியில் ஆப்பு சொருகினால் மொத்த நெம்பும் கீழ் பேட்சில்தான் விழும்; கிளாம்ப் வழுக்குவதற்கு அது ஒன்றே போதும். 90 டிகிரியில் தானாக நிற்கிற மெஷினை வாங்கி, கதவை அங்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

யார் பணம் கொடுப்பது? பேரிங் மட்டும் போயிருந்து, பெட்டி காய்ந்திருந்து, தூக்கும் சரியாக இருந்தால் மெஷின் தவறு. பில்லோடு டீலரிடம் கொண்டுபோங்கள். பெட்டியில் தண்ணீர் நின்றிருந்தால் வாரண்டி பெரும்பாலும் கிடைக்காது. மெஷின் விலை முதலாளியுடையது. தூக்கு விலகியிருந்து, ஐப்பசியில் அதைப் பார்க்காமல் மாட்டியிருந்தால் கூலி உங்களுடையது. இதில் வாதாடாதீர்கள். எந்த நிலையானாலும் தகட்டைக் கழற்றும்போது முதலாளியை அருகில் நிற்க வைத்துத் திறங்கள், போட்டோ எடுங்கள். தேங்கிய தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு ‘டூப்ளிகேட்’ பேச்சு தானாக அடங்கிவிடும். இனி எந்த வேலைக்கும் மாட்டுவதற்கு முன் பெட்டியின் நிலை, தூக்கு விலகல், நான்கு இடைவெளி ஆகியவற்றைப் பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கதவைக் கழற்றும்போது இரண்டு பேர், இரண்டு வாக்கம் லிஃப்டர் (கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற உறிஞ்சு கைப்பிடி). மேல் பிவட் பின்னை உள்ளே இறக்கிவிட்டு, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஸ்பிண்டிலிலிருந்து நேராக மேலே தூக்குங்கள். கீழே இறக்குவது மரக்கட்டைமேல் அல்லது தடித்த ரப்பர்மேல். கிரானைட்மேல் ஓரம் பட்டால் போதும், மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். டஃபன்ட் கண்ணாடி முகத்தில் அடியைத் தாங்கும், ஓரத்தில் தாங்காது. டஃபன் செய்த பிறகு ஒரு மில்லிகூடத் தேய்க்கவோ துளைக்கவோ முடியாது. அதனால் புதுக் கண்ணாடி ஆர்டர் கொடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு சுழல்கிற வட்டம் முழுக்க ரசமட்டத்தைப் போட்டுத் தரையில் எது அதிக மேடு என்று பாருங்கள். மழைத்தண்ணீர் வெளியே ஓட வாசலை வெளிப்பக்கம் வாட்டமாகப் போட்ட பழைய கடைகளில், உள்ளே திறக்கிற கதவு போகப் போக மேட்டில் ஏறும். கீழ் இடைவெளியை அந்த மேட்டிலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

ஷட்டர் வேலையை விட்டுவிட வேண்டாம். ஷட்டரில் 10 மில்லி பிசகினால் கிரீஸ் போட்டுச் சமாளிக்கலாம், கண்ணாடியில் 2 மில்லியே அதிகம் என்பது மட்டும்தான் பெரிய வித்தியாசம். 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய மாதிரி ஒரு புயல் வந்தால், அகலமான ஷட்டர் நடுவில் உள்வாங்கும். பட்டைகளின் முனை, அவை ஏறி இறங்குகிற பக்கத்துக் கைடு சேனலை விட்டுக் கழன்றுவிடும். பின்னால் கண்ணாடிக் கதவு இருக்கிற இடங்களில் ஆழமான சேனலும், பட்டை முனைகளில் அவை கழலாமல் தடுக்கிற எண்ட் லாக்கும் போடுங்கள். ஷட்டருக்கும் கதவின் கைப்பிடிக்கும் நடுவே அரை அடியாவது விட்டிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வேலையை எடுக்கலாம், ஆனால் கண்ட்ரோலர் கார்டை (கதவை இயக்குகிற மின்னணுப் பலகை) தொடாத ஒப்பந்தமாக எடுங்கள். ஸ்லைடிங் கதவில் வருகிற புகார்களில் கையால் தீர்க்கக்கூடியவை நிறைய: தரைக் கைடில் சேர்ந்த மணல், தேய்ந்த ரோலர், தளர்ந்த பெல்ட், தூசி படிந்த சென்சார். கதவு ஆளில்லாமலே திறந்து திறந்து மூடுகிறது என்று போன் வந்தால், ஏணியை எடுப்பதற்கு முன் மேலே அண்ணாந்து பாருங்கள். ஆயுத பூஜைக்குக் கட்டிய மாவிலைத் தோரணமோ, திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழமோ சென்சார் முன் ஆடிக்கொண்டிருக்கும். குறைந்த வோல்டேஜில் கதவு பாதியில் நின்றால் அந்த லைனை முதலில் அளக்கச் சொல்லுங்கள். எர்த்திங் சரியில்லாமல் எந்த வேலையும் ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘ராத்திரி வெளியாள் வருகிறார்கள், அவசர வழிக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கள்’ என்று எந்த ஆஸ்பத்திரியிலும் மண்டபத்திலும் கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். 2004 ஜூலை 16-ல் 94 குழந்தைகளைப் பள்ளித் தீயில் பறிகொடுத்த கும்பகோணத்தில் தொழில் செய்கிறீர்கள். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. உள்ளிருந்து ஒரே தள்ளலில் திறக்கிற பேனிக் பார் போட்டு, வெளிப்பக்கம் கைப்பிடி இல்லாமல் விட்டால் அவர்கள் பயத்துக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஒப்பந்தத்தில் மாதம் ஒரு தடவை வருவது, அப்போது மெயினை அணைத்துப் பேட்டரியில் கதவு திறக்கிறதா, கையால் தள்ளினால் நகர்கிறதா, குறுக்கே நின்றால் மூடாமல் நிற்கிறதா என்று பார்ப்பது, மூன்றையும் அவர்கள் ஆள் முன்னிலையில் செய்து பதிவேட்டில் எழுதுவது என்று போடுங்கள். அவர்கள் ஜி.எஸ்.டி. பில் கேட்பார்கள், வருடம் 20 லட்சத்துக்குக் கீழே வரவு உள்ளவர்களுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரோலர், பெல்ட், பேட்டரி இவற்றின் விலை ஒப்பந்தத் தொகைக்குள் அடக்கமா வெளியேயா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.